ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்: கார் சர்வீஸும் வாரண்டியும்

சர்வீஸுக்குக் கார் விடப் போகிறவர்களில் பலர் சாவியை நீட்டி, "ஜெனரல் சர்வீஸ், முன்னாடி கொஞ்சம் சத்தம் வருது, பார்த்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். காரை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் தன் டேப்லெட்டில் "பீரியாடிக் சர்வீஸ், ஜெனரல் செக்கப்" என்று போட்டுக்கொள்கிறார். அந்தச் சத்தம் எங்கும் பதிவாவதில்லை. ஆறு மாதம் கழித்து அதே சத்தம் பெரிதாகி, வாரண்டி முடிந்து பத்து நாள் ஆன பிறகு ஸ்டீயரிங் ராக் போய்விட்டது என்கிறார்கள். "நான் அப்பவே சொன்னேனே" என்று வாடிக்கையாளர் சொல்வது உண்மைதான். ஆனால் நிறுவனத்தின் கணினியில் அப்படி ஒரு புகாரே இல்லை.

வாரண்டி விஷயத்தில் பாதித் தகராறு இங்கேதான் முளைக்கிறது. கார் உள்ளே போகும்போது எழுதப்படும் ஜாப் கார்டுதான் பிறகு டீலர், உற்பத்தி நிறுவனம், நுகர்வோர் ஆணையம் என எல்லோரும் புரட்டிப் பார்க்கப் போகிற முதல் காகிதம். அதில் பதிவு எண், சேசிஸ் எண், ஓடோமீட்டர் அளவு, எரிபொருள் அளவு, காரில் ஏற்கெனவே உள்ள கீறல்கள், உத்தேசச் செலவு, டெலிவரி நேரம் எல்லாம் இருக்கும். இவற்றோடு வாடிக்கையாளர் சொன்ன புகார்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் நிதானமாகப் படிக்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

புகாரை எப்படிச் சொல்வது என்பதில் நிறைய இருக்கிறது. "சஸ்பென்ஷன் சத்தம்" என்று எழுதினால் டெக்னீஷியன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு "சத்தம் இல்லை, ஓகே" என்று மூடிவிடுவார். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "காலையில் முதல் அரை மணி நேரம் மட்டும், 20 முதல் 30 கி.மீ. வேகத்தில் ஸ்பீட் பிரேக்கரை விட்டு இறங்கும்போது முன் இடது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பியபடி இறங்கினால் அதிகம், 70 கி.மீ. வேகத்தில் நேர் சாலையில் இல்லை." இதைப் படிக்கிற அனுபவமுள்ள டெக்னீஷியனுக்கு ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று தேட வேண்டிய இடம் மூன்றாகச் சுருங்கிவிடும். எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம், என்ஜின் சூடாகவா குளிராகவா, ஏசி போட்டிருக்கும்போதா, மழையிலா, ஏற்றத்திலா என்பதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய், "இதை அப்படியே ஏற்றுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. டேப்லெட்டில் இடம் போதாது என்றால், அதே வாசகத்தை அட்வைசரின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு அங்கேயே நின்று அனுப்பிவிடுங்கள். வந்து வந்து போகிற கோளாறாக இருந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஓடோமீட்டரும் எரிகிற எச்சரிக்கை விளக்கும் ஒரே காட்சியில் தெரிந்தால் நல்லது. ஓட்டிக்கொண்டே எடுக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும்.

செக் என்ஜின் விளக்கு எரிந்தால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. விளக்கு எரியும் நேரத்தில் காரின் கணினி ஒரு கோளாறு எண்ணைச் சேமிக்கிறது. பி0300 என்றால் சிலிண்டர்களில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமல் தவறுவது), பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, பி0420 என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. அதோடு அந்த நொடியில் என்ஜின் வேகம், கூலண்ட் வெப்பம், வண்டியின் வேகம் எவ்வளவு இருந்தன என்பதையும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பெயரில் பதிந்து வைக்கிறது. வாரண்டி கிளெய்முக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் பல பேர் விளக்கை அணைக்க பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுகிறார்கள். இல்லையென்றால் தெருமுனை மெக்கானிக்கிடம் ஸ்கேனர் போட்டு அழிக்கச் சொல்கிறார்கள். சாட்சி அதோடு போய்விடும். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஓரம் கட்டி ரோட்சைட் அசிஸ்டன்ஸை அழையுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் எடுத்த பிறகு அந்த ரிப்போர்ட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். "பார்த்தோம், கிளியர் பண்ணிட்டோம்" என்ற வாய்ப் பதிலோடு திரும்பி வராதீர்கள்.

<b>டீலர் ஏன் தயங்குகிறார்</b>

வாரண்டி கொடுப்பது உற்பத்தி நிறுவனம். வேலையைச் செய்வது டீலர். டீலர் பழுதான பாகத்தை மாற்றிவிட்டு, கோளாறு விவரம், ஸ்கேன் எண், படங்கள் எல்லாவற்றையும் இணைத்து நிறுவனத்துக்கு கிளெய்ம் அனுப்புகிறார். கழற்றிய பாகத்துக்கு டேக் கட்டி, நிறுவனம் கேட்டால் அனுப்புவதற்காக எடுத்து வைக்கிறார். பாகத்தின் விலையும், அந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று நிறுவனம் முன்பே நிர்ணயித்த கணக்கில் லேபரும் அவருக்கு வருகிறது. வெளி வாடிக்கையாளரிடம் வாங்கும் லேபரைவிட இது பொதுவாகக் குறைவு. நிறுவனம் "ஆதாரம் போதாது" என்று கிளெய்மைத் தள்ளிவிட்டால் நஷ்டம் டீலர் தலையில்.

அட்வைசர் "இது நார்மல் சார், எல்லா வண்டியிலும் இருக்கு" என்று சொல்வதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் இருக்கிறது. கெட்ட எண்ணம் என்று எடுத்த எடுப்பில் நினைக்க வேண்டியதில்லை. கிளெய்ம் நிற்கும்படியான ஆதாரத்தை நீங்களே கையில் கொடுத்தால் அவருக்கும் வேலை எளிது. "எல்லா வண்டியிலும் இருக்கிறதா? அதே மாடல் டெஸ்ட் டிரைவ் காரை எடுங்கள், இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்ப்போம்" என்று கேளுங்கள். வேறுபாடு தெரிந்தால் அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அட்வைசர் மட்டத்தில் நகரவில்லை என்றால் ஒர்க்‌ஷாப் மேனேஜர், அதற்கு மேல் நிறுவனத்தின் ஏரியா சர்வீஸ் மேனேஜர். அந்த ஏரியா மேனேஜர் டீலரிடம் வந்து போகிற நாளைக் கேட்டு, அன்று காரோடு போய் நிற்பது பத்து மின்னஞ்சல்களைவிடப் பலன் தரும். வாரண்டி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, சர்வீஸ் ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் 'குட்வில்' அடிப்படையில் பாகத்தின் விலையில் ஒரு பங்கையோ முழுவதையுமோ நிறுவனமே ஏற்றுக்கொள்வது உண்டு. அது உரிமையல்ல, சலுகை. கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒப்புதல் தரும் அதிகாரம் டீலரிடம் இல்லை, நிறுவனத்திடம்தான் இருக்கிறது. அதனால் கோரிக்கையை எழுத்தில் இரண்டு இடத்துக்கும் அனுப்ப வேண்டும்.

டீலர் மாறினாலும் மூடினாலும் வாரண்டி போகாது. அதே நிறுவனத்தின் எந்த அங்கீகரிக்கப்பட்ட மையத்திலும் அது செல்லும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலை நகர் ஆலையில் தயாரான கார்களை வைத்திருந்தவர்களுக்குப் பெரிய பதற்றம் வந்தது. ஆனால் நிறுவனம் சர்வீஸையும் பாகங்களையும் வாரண்டியையும் தொடர்ந்து கொடுத்தது. ஒரு டீலரிடம் சரியான பதில் கிடைக்கவில்லை என்றால் காரை இன்னொரு டீலரிடம் காட்டி இரண்டாவது ஜாப் கார்டு போடத் தயங்க வேண்டாம்.

<b>வாரண்டி எதற்கு, எவ்வளவு காலம்</b>

மாருதி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 2 ஆண்டு / 40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 ஆண்டு / 1,00,000 கி.மீ. ஆக உயர்த்தியது. மற்ற பெரிய நிறுவனங்களிலும் 3 ஆண்டு என்பது சாதாரணம். கிலோமீட்டர் வரம்புதான் மாறும். "எது முதலில் வருகிறதோ அது" என்ற நிபந்தனையை மறக்க வேண்டாம். மின்கார், ஹைப்ரிட் பேட்டரிகளுக்கு 8 ஆண்டு / 1,60,000 கி.மீ. என்பது பரவலாக உள்ள அளவு. அதில் பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் பழுது என்று ஏற்றுக்கொள்வார்கள் என்பதை வாரண்டி புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வாரண்டி என்பது உற்பத்திக் குறைக்கு மட்டும். பிரேக் பேட், கிளட்ச் டிஸ்க், வைப்பர் ரப்பர், பல்பு போன்ற தேய்மானப் பொருள்கள் இதில் வராது. டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் வாரண்டி தனி. டீலர் அவற்றை அனுப்பிவைக்கும் வழி மட்டுமே. எலி கடித்த ஒயர், கலப்பட எரிபொருள், வெளியே ஒயரை வெட்டி மாட்டிய மியூசிக் சிஸ்டம், ஹாரன், ஃபாக் லேம்ப் ஆகியவற்றால் வரும் கோளாறுகளும் சேராது. இப்படிக் கூடுதல் பாகங்கள் மாட்டியே தீர வேண்டும் என்றால் ஒரிஜினல் கனெக்டரில் சொருகும் கப்ளர் வகையை மட்டும் மாட்டுங்கள். ஹார்னஸில் (காரின் ஒயர் கட்டில்) ஒரே ஒரு ஒயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால் போதும். பிறகு விளக்கு, லாக் போன்றவற்றை இயக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் போனாலும் பழி அந்த வெட்டின் மேல்தான் விழும்.

வாரண்டியில் மாற்றிய பாகத்துக்குப் புதிதாக முழு வாரண்டி தொடங்குவதில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் காரின் வாரண்டி முடியும்வரைதான் அதற்கும். காசு கொடுத்து மாற்றிய பாகத்துக்குத் தனியாக ஒரு குறுகிய கால வாரண்டி இருக்கும். அந்தக் காலம் இன்வாய்ஸின் பின்பக்கம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

காசு கொடுத்துக் காலத்தை நீட்டிக்கொள்ளும் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா என்றால், டர்போ, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பெரிய திரை, சன்ரூஃப் உள்ள கார்களுக்கு எடுப்பதே புத்திசாலித்தனம் என்பது என் தீர்மானமான கருத்து. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மெகட்ரானிக்ஸ் யூனிட்டோ டர்போவோ போனால் அதன் செலவில் எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பல முறை வாங்கிவிடலாம். எளிய மேனுவல் பெட்ரோல் சின்னக் காருக்கு அவ்வளவு அவசியமில்லை. வாங்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். கொடுப்பது கார் நிறுவனமா, டீலர் தன் பெயரில் விற்கும் திட்டமா. டீலரின் சொந்தத் திட்டம் வேறு ஊரில் செல்லாமல் போகலாம். என்ஜின், கியர்பாக்ஸ் மட்டுமா, எலக்ட்ரானிக் பாகங்களும் சேருமா. காரை விற்றால் அடுத்தவர் பெயருக்கு மாற்ற முடியுமா. அடிப்படை வாரண்டி முடிவதற்குள் வாங்க வேண்டும். கார் வாங்கிய நாளிலிருந்து தள்ளிப்போடப் போட விலை ஏறுவதும் வழக்கம்.

இவை எல்லாவற்றுக்கும் அடிநிலை நிபந்தனை ஒன்றுதான்: சர்வீஸ் அட்டவணை தவறக் கூடாது. 10,000 கி.மீ. அல்லது 12 மாதம் என்றால், வருடத்துக்கு 3,000 கி.மீ. மட்டும் ஓடிய காருக்கும் 12 மாதத்தில் சர்வீஸ் உண்டு. 'வண்டி ஓடவே இல்லையே' என்று விட்டவர்களின் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். முன்பின் சில நாள் அல்லது சில நூறு கிலோமீட்டர் சலுகை புத்தகத்தில் இருக்கும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் செய்யலாமா என்ற கேள்விக்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் பாகங்களையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததையும், வெளியே வேலை செய்தால் வாரண்டியை ரத்து செய்வதையும் அது கண்டித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆணையத்தின் உத்தரவு நம் பக்கம் என்று தெம்பாகத் தோன்றலாம். ஆனால் வாரண்டி காலத்தில் ஆயில் மாற்றுவதை வெளியே செய்துவிட்டு, பிறகு என்ஜின் பழுதுக்காக வாதாடுவது கஷ்டமான பாதை. வாரண்டி முடியும்வரை அங்கீகரிக்கப்பட்ட மையம். அதற்குப் பிறகு நல்ல வெளி மெக்கானிக். செலவும் நிம்மதியும் ஒத்துப்போவது இந்த வரிசையில்தான்.

<b>எஸ்டிமேட்டில் எதை வெட்டுவது</b>

உரிமையாளர் கையேட்டில் எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைச் சோதித்தால் போதும் என்று அட்டவணை இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எஸ்டிமேட்டில் உள்ள வரி அட்டவணையில் இல்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். என்ஜின் ஃப்ளஷ், என்ஜின் டிரெஸ்ஸிங், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ட், சைலன்சர் கோட்டிங், நைட்ரஜன் காற்று, எலி விரட்டி ஸ்ப்ரே ஆகியவை பெரும்பாலும் அட்டவணையில் இருக்காது. அட்வைசருக்கு மாத இலக்கு இருக்கும். நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றும் என்ஜினுக்கு ஃப்ளஷ் தேவையில்லை. இன்ஜெக்டர் கிளீனிங் என்பது நடுக்கமோ மைலேஜ் சரிவோ இருந்து, சோதித்துக் காரணம் அதுதான் என்று தெரிந்த பிறகு செய்வது. வேண்டாம் என்று சொன்ன வரிகளை நீக்கி, திருத்திய எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுங்கள். "கூடுதல் வேலை எதுவானாலும் போன் செய்து ஒப்புதல் வாங்கிய பிறகே" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

வெட்டக் கூடாதவையும் உண்டு. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கி, ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ இறங்கும்போது பெடல் மெத்தென்று போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான அளவு. கூலண்ட்டில் சில நிறுவனங்களின் நீண்ட ஆயுள் வகை 1,60,000 கி.மீ. வரைகூடத் தாங்கும், நிறத்தை நம்பி வேறு வகையைக் கலந்தால் கசடு கட்டி ரேடியேட்டர் அடைக்கும். ஏசி ஃபில்டர் பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு பக்க ஸ்டாப்பரையும் உள்ளே அமுக்கிக் குளோவ் பாக்ஸைக் கீழே இறக்கினால் கையில் வந்துவிடும். காற்றோட்ட அம்புக்குறியைப் பார்த்து மாட்டினால் போதும், இதற்கு லேபர் கொடுக்க வேண்டியதில்லை.

"பிரேக் பேட் 60 பர்சன்ட் போயிடுச்சு" என்றால் மில்லிமீட்டரில் கேளுங்கள். புதிய முன்பக்க பேடின் உராய்வுப் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.யை நெருங்கும்போது மாற்றுவது சரி. 5 மி.மீ. இருந்தால் அடுத்த சர்வீஸ்வரை பெரும்பாலும் ஓடும். டிஸ்க் மாற்ற வேண்டும் என்றால், குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து காட்டச் சொல்லலாம்.

ஆயில் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் உன்னிப்பு தேவை. சின்ன பெட்ரோல் என்ஜின்களுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 முதல் 3.5 லிட்டர் போதும்; 1.5 லிட்டர் டீசல்களுக்கு 5 லிட்டருக்குப் பக்கம் போகும். உங்கள் காருக்கான சரியான அளவும் 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்ற தரமும் கையேட்டில் இருக்கின்றன. பில்லில் உள்ள அளவு அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டீலர்களில் ஆயில் பேரலிலிருந்து வருவதால், பில்லில் 3.5 என்று போட்டுவிட்டு 3.1 ஊற்றினால் வெளியிலிருந்து தெரியாது. தெரிந்துகொள்ள டிப்ஸ்டிக் என்ற ஆயில் அளவு குச்சி ஒன்றே வழி. டெலிவரி எடுத்ததும் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே, மேல் குறியை ஒட்டி இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டியிருந்தாலும் தவறுதான். கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், சீல்களில் கசியும். காருக்கு அடியில் குனிந்து, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டையும் பாருங்கள். அதன் வாஷர் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிய நசுங்கு வாஷர். பில்லில் அது சில ரூபாய்க்கு ஒரு வரியாக இருக்கும். இல்லை என்றால் பழையதையே மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கினால் அலுமினிய ஆயில் பேனின் மரை போய்விடும். முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சில் சின்ன என்ஜின்களுக்கு 35–40 நியூட்டன் மீட்டர் அளவே போதும். மரை தேய்ந்தது அடுத்த சர்வீஸில்தான் தெரியும்; அப்போது பேன் மாற்றும் செலவை உங்கள் பில்லில் சேர்ப்பார்கள். முந்தைய வேலை அதே மையத்தில் நடந்தது என்ற இன்வாய்ஸைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லி ஜாப் கார்டிலேயே எழுதுங்கள். காசு கொடுத்து மாற்றியவை உங்களுடையவை, எடுத்துக்கொண்டு வரலாம். வாரண்டியில் மாற்றியவை நிறுவனத்துக்குப் போக வேண்டியவை, அவற்றைப் படம் எடுத்துக்கொண்டால் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், லேபருக்கும் 18. பழைய 28 சதவீதத்தில் பில் வந்தால் திருத்தச் சொல்லுங்கள். 'ஃப்ரீ சர்வீஸ்' என்பதில் இலவசம் லேபர் மட்டுமே. ஆயில், ஃபில்டர், கன்ஸ்யூமபிள்ஸ் காசு கொடுத்துத்தான்.

<b>டீசல்காரர்களுக்கும் வெள்ளப் பகுதியில் இருப்பவர்களுக்கும்</b>

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்ததும் என்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, சைலன்சரின் வெப்பத்தை ஏற்றி அதை எரிக்கும். இதற்குக் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். தினமும் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அலுவலகம், திரும்ப வீடு என்றால் எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறுகிறது, மோந்து பார்த்தால் டீசல் வாசனை என்றால் இதுதான் காரணம். நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் டர்போவின் பேரிங் முதலில் போகும். டிபிஎஃப் விளக்கு வந்தவுடனே நெடுஞ்சாலையில் ஏறி, ஒரு கியர் குறைத்து, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து 15–20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். அலட்சியம் செய்து, கரி மிஞ்சிவிட்டது என்று சொல்லும் பி2463 எண் பதிவாகி என்ஜின் சக்தி குறையும் நிலைக்கு வந்தால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்துத்தான் எரிக்க முடியும். இது ஓட்டும் முறையால் வந்தது என்று சொல்லி வாரண்டியை மறுப்பார்கள், அந்த மறுப்பை உடைப்பது கடினம். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் டீசல் வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கியிருந்தால், டிபிஎஃப்-க்கென்று உள்ள குறைந்த சாம்பல் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள்.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அவற்றில் நிறைய என்ஜின்கள் தண்ணீரால் போனதைவிட, தண்ணீர் வடிந்த பின் சாவி போட்டதால் போனவை. சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் அமுங்காது; பிஸ்டன் மேலே வர முயலும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வாரண்டி இதற்கு வராது. காப்பீடு வெள்ளச் சேதத்தைத் தரும், ஆனால் ஸ்டார்ட் செய்ததால் வந்த என்ஜின் சேதத்தை, 'என்ஜின் புரொடெக்ட்' சேர்க்கை இல்லை என்றால், மறுத்துவிடும். தண்ணீர் சக்கரத்தின் நடுமட்டத்தைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் அனுப்புங்கள். மின்காராக இருந்தால் பேட்டரியை நீங்கள் தொடவே வேண்டாம்.

<b>ஒத்துவரவில்லை என்றால்</b>

முதலில் ரீகால், அதாவது குறையுள்ள கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் ஏற்பாடு, உண்டா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவின்படி அரசே ரீகால் உத்தரவிட முடியும். நிறுவனங்கள் தாமாகச் செய்யும் ரீகாலும் அடிக்கடி நடக்கிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது, வாரண்டி முடிந்த காரானாலும்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இது நீதிமன்றம் இல்லை; புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருகிற ஏற்பாடு. ஆனாலும் டீலரைத் தாண்டி நிறுவனத்தின் தலைமையகத்தில் கோப்பு திறக்க இது உதவுகிறது. அதிலும் தீரவில்லை என்றால் டீலர், உற்பத்தி நிறுவனம் இருவர் பெயருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். தேதிவாரியாக ஒவ்வொரு ஜாப் கார்டின் எண், ஓடோமீட்டர், சொன்ன புகார், செய்த வேலை, மறுபடி வந்த கோளாறு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். இருவரையும் சேர்ப்பது முக்கியம். தனியாக டீலர்மேல் போட்டால் "இது உற்பத்திக் குறை, கம்பெனியைக் கேளுங்கள்" என்பார். தனியாக நிறுவனத்தின்மேல் போட்டால் "வேலை செய்தது டீலர்" என்பார்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். டீலர் கோயம்புத்தூரில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருப்பவர் அங்கே ஓட வேண்டியதில்லை. கட்டணம் 5 லட்சம்வரை எதுவுமில்லை, 10 லட்சம்வரை 200 ரூபாய், 20 லட்சம்வரை 400, 50 லட்சம்வரை 1,000. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் நீட்டிப்பு. வாடகைக்கு ஓட்டும் வணிக வாகனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவருக்கு விலக்கு உண்டு.

என்ன கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். 'புதுக் கார் கொடு' என்று கேட்பவர்கள் உற்பத்திக் குறையை நிரூபிக்க வேண்டும். அதற்கு நிபுணர் அறிக்கை இல்லாமல் ஆணையங்கள் எளிதில் இறங்கி வருவதில்லை. சட்டத்தின் 38-ஆம் பிரிவில் ஆய்வகச் சோதனைக்கு வழி இருக்கிறது. புகார் மனுவோடு அதற்கும் ஒரு மனு போட வேண்டும். மாறாக, ஒரே கோளாறுக்கு நான்கு முறை கார் உள்ளே போய், நான்கு முறையும் சரி செய்யாமல் திருப்பித் தந்தார்கள் என்பது சேவைக் குறைபாடு. அதை நிரூபிக்க அந்த நான்கு ஜாப் கார்டுகளே பெரும்பாலும் போதும். பழுது நீக்கம், செலவழித்த தொகை, இழப்பீடு என்று கேட்பவர்களின் மனு சீக்கிரம் நகர்வதற்கு இதுதான் காரணம்.

கால வரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. "பார்க்கலாம் சார், கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்" என்று மாதங்கள் கழியும்போது இந்தக் கணக்கு உங்களுக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கிறது. வாரண்டியை மறுத்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால், "இன்று இத்தனை மணிக்கு இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்" என்று நீங்களே அன்றே மின்னஞ்சல் அனுப்பி, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவையும் அதில் சேர்த்துவிடுங்கள்.